பானிபட் முதல் சாவா வரை: தோற்ற படமும் வென்ற படமும்

2019 டிசம்பர் 6 அன்று வெளியான ‘பானிபட்’ என்னும் இந்தித் திரைப்படம் படுதோல்வி அடைந்தது. அசுதோஷ் கோவாரிகர் இயக்கிய அப்படம் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடியது. அரண்மனை, கோட்டை, யானைப்படை, பீரங்கிப்படை என்று பணம் தண்ணீராக இறைக்கப்பட்டிருந்தது. ஆயினும் நாயக வேடத்திற்கு நடிகர் பொருந்தவில்லை, கதையில் அழுத்தமில்லை, எழுத்து பலவீனமாக இருக்கிறது என்று விமர்சகர்கள் எழுதினர். மக்களும் அவ்வாறே கருதினர் போலும். சில வாரங்களில் படம் அரங்குகளை விட்டு அகன்றது.

இத்தகைய படங்கள் தோற்கும்போது நம் தோழர்களிடையே ஒரு கருத்து நிலவுவதைக் காண்கிறோம். “மக்கள் நிராகரித்துவிட்டார்கள், கலை தன் தீர்ப்பை வழங்கிவிட்டது, இதில் நாம் எழுதவும் பேசவும் என்ன இருக்கிறது?” என்பதே அக்கருத்து. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத் தோன்றும் இந்த வாதம் தவறானது. நம்மை நிராயுதபாணிகளாக்கும் வாதமும்கூட.

ஏனெனில் ‘பானிபட்’ படத்தின் குறைகள் தற்செயலான தொழில்நுட்பக் குறைகள் அல்ல. அவற்றின் வேர் அப்படம் வரலாற்றைப் பார்த்த விதத்தில் இருக்கிறது. மேலும், குறைகளை மட்டும் களைந்துவிட்டு அதே பார்வையைத் திறமையாகப் படமாக்கினால் என்ன நிகழும் என்பதை 2025ஆம் ஆண்டு ‘சாவா’ நமக்குக் காட்டிவிட்டது. தோற்ற படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நாம், வென்ற படத்தை எதிர்கொள்ள ஆயத்தமாக இருக்கவில்லை.

பொருந்தாத முகங்கள்

முதலில் நடிகர் தேர்வை எடுத்துக்கொள்வோம். பானிபட் போரில் மராத்தியப் படைக்குத் தலைமையேற்ற சதாசிவராவ் பாவுக்கு அப்போது வயது ஏறத்தாழ 30. எதிரணியில் நின்ற அகமது ஷா அப்தாலி நாற்பதை எட்டாதவர். 25 வயதில் காந்தகாரில் ஆட்சியமைத்து, இன்றைய ஆப்கானிஸ்தானுக்கு அடித்தளமிட்டவராக அந்நாட்டு மக்களால் போற்றப்படுபவர். இருவரும் தத்தம் வாழ்வின் உச்சத்தில் இருந்த படைத்தலைவர்கள். படத்தில் அப்தாலியாக வந்த சஞ்சய் தத்துக்கு அப்போது 60 வயது. பாவாக வந்த அர்ஜுன் கபூர் பெரும் தயாரிப்பாளர் ஒருவரின் மகன். முன்னோட்டம் வெளியான நாளிலேயே பொருத்தமின்மை குறித்து ஏளனம் எழுந்தது.

இது ஒரு படத்தோடு முடிந்த கதையன்று. 2022 ஜூன் மாதம் வெளியான ‘சாம்ராட் பிருத்விராஜ்’ படத்தை நினைவுகூர்வோம். 1192இல் இருபதுகளின் நடுவிலேயே மாண்ட ஓர் இளம் மன்னனின் வேடத்தை 54 வயது அக்ஷய் குமார் ஏற்றார். அரசியாக நடித்தவருக்கு வயது 25. ஒன்றிய உள்துறை அமைச்சருக்குச் சிறப்புக் காட்சி நடத்தப்பட்டது, பாஜக ஆளும் மாநிலங்கள் வரிவிலக்கு அளித்தன. இத்தனைக்குப் பிறகும் அப்படம் தோற்றது.

ஏன் இப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? பாத்திரத்திற்கு யார் பொருந்துவார் என்ற கேள்விக்கு முன்னதாக, யார் பெயரைச் சொன்னால் முதலீடு வரும், யார் பெயரைச் சொன்னால் தொலைக்காட்சி உரிமையும் இணைய உரிமையும் விலைபோகும் என்ற கேள்வி எழுகிறது. பெருமூலதனம் புகுந்த திரைத்தொழிலில் நட்சத்திரம் என்பது ஒரு பிணைப்பத்திரம். மராத்தி மேடையில் தேர்ந்த நடிகர்கள் நிறைந்த நகரம் மும்பை. அவர்களுக்கு இத்தகைய படங்களில் கிடைப்பவை பெரும்பாலும் துணைப் பாத்திரங்களே. நாயக பீடம் வாரிசுகளுக்கு உரியது. பேஷ்வா பதவியும் அவ்வாறே ஒரு குடும்பத்தின் பரம்பரைச் சொத்தாக மாறியிருந்தது என்பதையும், பானிபட் படையின் பெயரளவுத் தலைமை பேஷ்வாவின் மகன் விசுவாசராவ் என்ற பதின்ம வயது இளைஞனிடம் இருந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தால், படத் தயாரிப்பாளர்கள் அறியாமலேயே ஓர் உண்மையைப் பிரதிபலித்துவிட்டனர் என்றுகூடச் சொல்லலாம்.

இதைவிட ஆழமான பிழை ஒன்று உண்டு. பானிபட்டை நோக்கிச் சென்றது படை மட்டுமன்று. வடநாட்டுத் தீர்த்தங்களில் நீராட விழைந்த யாத்திரிகர்கள், வீரர்களின் மனைவியர், குழந்தைகள், மாட்டு வண்டியோட்டிகள், புல்லறுப்போர், தானியம் சுமந்த வணிகர்கள், சமையலாட்கள் என்று போரிடாத மக்கள் பல்லாயிரக்கணக்கில் உடன் சென்றனர். பட்டினியில் முதலில் விழுந்தவர்களும், தோல்விக்குப் பின் அடிமைகளாக ஓட்டிச் செல்லப்பட்டவர்களும் அவர்களே. படத்தில் இம்மக்கள் கூட்டமாக வருகிறார்கள், முகமாக வரவில்லை. எந்த நடிகரை நாயகனாக்கினாலும் இந்தப் பிழை தீர்ந்திருக்காது.

‘துரோகம்’ என்னும் ஒற்றை விளக்கம்

இனி எழுத்தைப் பார்ப்போம். ‘பானிபட்’ படத்தின் விளம்பரங்களில் தலைப்புக்குக் கீழே ‘மாபெரும் துரோகம்’ என்னும் பொருளில் ஒரு துணைத் தலைப்பும் இடம்பெற்றது. அப்படத்தின் வரலாற்றுத் தத்துவம் முழுவதும் அந்தச் சொல்லில் அடங்கிவிடுகிறது. மராத்தியர் ஏன் தோற்றனர்? நம்பியவர்கள் கைவிட்டனர். பரத்பூரின் ஜாட் மன்னர் சூரஜ் மல் உதவி செய்ய ஆக்ரா கோட்டையை விலையாகக் கேட்டார் என்று படம் காட்டியது. ராஜஸ்தானில் ஜாட் மக்கள் வீதியில் இறங்கினர், படக்குழு காட்சிகளை வெட்டியது. தோல்வியுற்றுப் பசியோடும் காயத்தோடும் திரும்பிய மராத்தியருக்கு உணவும் உறைவிடமும் அளித்தவர் அதே சூரஜ் மல்தான் என்பது வரலாறு.

இந்த வகைப் படங்கள் அனைத்திலும் வெளியிலிருந்து வரும் படையெடுப்பாளன் ஒருவன் இருப்பான். அவனுக்குக் கதவைத் திறந்துவிடும் உள்வீட்டுத் துரோகி ஒருவனும் இருந்தே தீருவான். ‘பிருத்விராஜ்’ படத்திற்கு ஜெய்சந்த், ‘பானிபட்’ படத்திற்குச் சூரஜ் மல், ‘சாவா’வுக்கு ஷிர்கே சகோதரர்கள். ‘சாவா’ வெளியான பின் ஷிர்கே வழியினர் எதிர்ப்புத் தெரிவித்ததும் இயக்குநர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. ஆனால் வாய்பாட்டை யாரும் மாற்றவில்லை.

துரோகம் என்ற சொல் காரணங்களைத் தேடும் வேலையிலிருந்து எழுத்தாளனை விடுவித்துவிடுகிறது. துரோகி ஒருவனைக் காட்டிவிட்டால், மராத்தியருக்கு வடக்கில் ஏன் நண்பர்களே இல்லாமற் போயினர் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் சௌத் வரியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். பிறர் ஆளும் நிலத்தின் வருவாயில் நான்கில் ஒரு பங்கு சௌத், அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு சர்தேஷ்முகி. தராவிட்டால் குதிரைப்படை வரும். ராஜபுதனமும் ஜாட் நாடும் இப்படையை ஆண்டுதோறும் கண்டவை. 1740களில் வங்காளத்தின் மேற்கு மாவட்டங்களை மராத்தியக் குதிரைப்படை பத்தாண்டு சூறையாடியது. நெசவாளர்கள் தறியைப் போட்டுவிட்டு ஓடினர். ‘பர்கி’ என்ற அந்தப் படையின் பெயர் வங்கத் தாய்மாரின் தாலாட்டில் அச்சமாக இன்றும் ஒலிக்கிறது. வங்க நெசவாளிக்கு யார் படையெடுப்பாளன்? இந்தக் கேள்வியை எழுத ஓர் எழுத்தாளனுக்குத் துணிவு இருந்திருந்தால் ‘பானிபட்’ நல்ல படமாக அமைந்திருக்கக்கூடும்.

படம் எழுதத் தவறிய பானிபட்

நாடகத்திற்கு உரிய சரக்கு வரலாற்றில் குறைவாகவா இருக்கிறது? சில செய்திகளை மட்டும் நினைவூட்டுகிறோம்.

மராத்தியர் எந்த உடன்படிக்கையின் பேரில் அப்தாலியை எதிர்த்தனர்? 1752இல் டெல்லி அரசுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, முகலாயப் பேரரசரை உள்நாட்டு, வெளிநாட்டு எதிரிகளிடமிருந்து காப்பதாக மராத்தியர் உறுதியளித்திருந்தனர். கைம்மாறாகப் பணமும் பஞ்சாப், சிந்து உள்ளிட்ட பகுதிகளின் சௌத் உரிமையும் அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டன. முகலாய அரியணையின் காவலர்களாகவே அவர்கள் வடக்கே நின்றனர். ‘இந்து தேசம்’ அந்நியனை எதிர்த்த போர் என்ற கதைக்குள் இந்த உடன்படிக்கையை எப்படி நுழைப்பது?

மராத்தியரின் பீரங்கிப்படைக்கும் பயிற்சி பெற்ற காலாட்படைக்கும் தலைவர் இப்ராகிம் கான் கார்தி. நிஜாமிடம் பணியாற்றிய பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியிடம் போர்க்கலை கற்றவர். அந்தப் புஸ்ஸி, பானிபட் போருக்கு ஓராண்டு முன்பு நமது வந்தவாசிப் போரில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டவர். ‘மதத்தால் எங்களவன்’ என்று அப்தாலி அணியினர் எதிர்பார்த்த கார்தி, மராத்தியரை விட்டு அகலவில்லை. காயமுற்றுப் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். மறுபுறம், அப்தாலிக்குத் துணைநின்ற அவத் நவாப் சுஜா உத் தௌலாவின் படையில் அனூப்கிரி கோசாயியின் தலைமையில் நாகா சந்நியாசிகள் போரிட்டனர். சுஜாவிடம் பணிபுரிந்த காசிராஜ் என்ற பண்டிதர்தான் இப்போரை நேரில் கண்டு பாரசீக மொழியில் பதிவு செய்தவர். நஜீப் உத் தௌலா மதத்தின் பெயரைச் சொல்லி அப்தாலியை அழைத்தார் என்பதும் உண்மையே. நாம் அதை மறைக்கவில்லை. ஆனால் ஷியா பிரிவைச் சேர்ந்த சுஜாவை அந்த அணிக்கு இழுக்கப் பல மாதப் பேரம் தேவைப்பட்டது. மதம் கொடியாக இருந்தது, கணக்கு நிலத்திலும் வருவாயிலும் இருந்தது.

கார்தியின் விசுவாசத்தைப் படம் காட்டத்தான் செய்தது. அதற்கான பாராட்டை கோவாரிகருக்கு அளிப்பதில் நமக்குத் தயக்கமில்லை. ‘லகான்’ எடுத்தவர் அவர், வெறுப்பைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். ஆனால் ‘நல்ல முஸ்லிம்’ ஒருவரை ஓரத்தில் நிறுத்துவதால் கதையின் அச்சு மாறிவிடுவதில்லை.

பெரும் பளுவைப் பின்னால் விட்டுவிட்டுப் பழைய மறைமுகப் போர்முறையில் செல்வோம் என்றார் முதிய மல்ஹர் ராவ் ஹோல்கர். பீரங்கியை நம்பி நேருக்கு நேர் நிற்போம் என்றனர் பாவும் கார்தியும். ஆட்டிடையர் குலத்தில் பிறந்த ஹோல்கருக்கும் பூனாப் பிராமணத் தலைமைக்கும் இடையிலான இந்த முரணில் இரண்டு யுகங்களின் போர்க்கலை மட்டுமன்றி, சாதியும் மோதியது. சம்பளம் கொடுக்க வழியின்றி டெல்லிக் கோட்டையின் திவானி காஸ் மண்டபத்து வெள்ளிக் கூரையைப் பெயர்த்து உருக்கினார் பாவ். பின்பு பானிபட் முகாமில் இரண்டு மாதத்திற்கும் மேலாக முற்றுகைப் பட்டினி. பசியால் சாவதைவிடப் போரில் சாகிறோம் என்று வீரர்கள் முறையிட்டதாகக் காசிராஜ் எழுதுகிறார். 1761 ஜனவரி 14 அன்று பசித்த படை வெளியே வந்தது. மாலைக்குள் எல்லாம் முடிந்தது.

அதே வாரத்தில் தெற்கே பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தனர். பானிபட்டில் வென்ற அணியில் நின்ற சுஜா, மூன்றே ஆண்டுகளில் பக்சாரில் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் தோற்றார். வென்ற அப்தாலி ஊர் திரும்பினார். இந்திய நிலப்பிரபுக்கள் ஒருவர் தலையை ஒருவர் உடைத்துக்கொண்டதன் இறுதிப் பயனை லண்டனிலிருந்த பங்குதாரர்கள் அனுபவித்தனர். ஒரு வணிக நிறுவனம் துணைக்கண்டத்தை விழுங்கத் தொடங்கிய ஆண்டுகளின் கதை இது. நம் காலத்தில் பெருநிறுவனங்களின் பணத்தில் எடுக்கப்படும் படத்திற்கு இந்தக் கதை தேவைப்படவில்லை.

டிசம்பர் 6, ஜனவரி 1

பேஷ்வாக்களின் புகழ்பாடும் இப்படம் டிசம்பர் 6 அன்று வெளியானது. அந்நாள் அண்ணல் அம்பேத்கர் மறைந்த நாள். தாதர் சைத்யபூமியில் லட்சக்கணக்கான உழைக்கும் மக்கள் கூடும் நாள். பாபர் மசூதி இடிக்கப்பட்ட நாளும் அதுவே. தேதியைத் தேர்ந்தவர்கள் வெள்ளிக்கிழமையை மட்டுமே பார்த்திருக்கலாம். ஆனால் யாருக்கும் உறுத்தவில்லை என்பதே செய்தி.

பேஷ்வா ஆட்சியின் பூனாவைப் பற்றி அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ நூலில் எழுதியிருப்பதைத் தோழர்கள் அறிவார்கள். தீண்டத்தகாதவர் எனப்பட்டோர் தம் காலடித் தடத்தைத் தாமே பெருக்கிச் செல்ல இடுப்பில் துடைப்பமும், எச்சில் மண்ணில் விழாதிருக்கக் கழுத்தில் மண்கலயமும் கட்டிச் செல்ல வேண்டியிருந்த நகரம் அது. 1818 ஜனவரி 1 அன்று பீமா கோரேகாவில் பேஷ்வா படையை எதிர்த்து நின்ற கம்பெனிப் படையில் மகர் வீரர்கள் இருந்ததை தலித் மக்கள் ஆண்டுதோறும் நினைவுகூர்வது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அந்நிகழ்வின் 200ஆவது ஆண்டையொட்டி 2017 டிசம்பர் 31 அன்று எல்கார் பரிஷத் கூட்டம் நடைபெற்ற இடம், பேஷ்வாக்களின் அரண்மனையான சனிவார் வாடாவின் முன்புறம். மறுநாள் கோரேகாவில் வன்முறை ஏவப்பட்டது. அதன்பின் சிறைப்பட்டவர்கள் எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களும்.

சனிவார் வாடாவைத் திரையில் ஒளிரச் செய்த படம் அரங்குக்கு வந்தபோது, அதன் முன்றிலில் நடந்த கூட்டத்தின் பேரில் பலர் விசாரணையின்றிச் சிறையில் இருந்தனர். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடி மக்களுக்காக வாழ்ந்த ஸ்டான் சுவாமி அடுத்த ஆண்டு கைதாகி, 2021 ஜூலை 5 அன்று 84ஆம் வயதில் இதே மும்பையில் காவலில் இருக்கும்போதே உயிர்நீத்தார். திரையில் ‘துரோகி’ என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய செவிகளுக்கு, செய்தித் தொலைக்காட்சியில் ‘தேசத்துரோகி’ என்ற சொல் புதிதாக ஒலிப்பதில்லை.

வென்ற படம்

2025 பிப்ரவரி 14 அன்று லக்ஷ்மண் உத்தேகர் இயக்கிய ‘சாவா’ வெளியானது. சிவாஜியின் மகன் சம்பாஜியின் கதை. யேசுபாயாக நடித்த ரஷ்மிகாவின் இந்தி உச்சரிப்பையும், சில இடங்களில் எழுத்தின் மெலிவையும் விமர்சகர்கள் குறை கூறினர். ஆனால் நாயகனாக விக்கி கௌஷலும் ஔரங்கசீப்பாக அக்ஷய் கன்னாவும் தம் பங்கைத் திறமையாகவே செய்தனர். சித்திரவதைக் காட்சிகள் பார்வையாளரை உலுக்கின. ஆண்டின் மிகப் பெரிய வசூல் படங்களுள் ஒன்றாயிற்று. மத்தியப் பிரதேசமும் கோவாவும் வரிவிலக்கு அளித்தன. பிரதமர் டெல்லியில் நடந்த மராத்தி இலக்கிய மாநாட்டு மேடையிலேயே படத்தைக் குறிப்பிட்டுப் பேசினார்.

பிறகு நடந்தவற்றை வரிசையாகப் பாருங்கள். ஔரங்கசீப் பற்றி மாற்றுக் கருத்துச் சொன்னதற்காக மகாராஷ்டிர சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கூட்டத்தொடர் முழுவதும் இடைநீக்கம் செய்யப்பட்டார். மத்தியப் பிரதேசத்தில் அசீர்கட் கோட்டை அருகே முகலாயர் புதையலைத் தேடி மக்கள் இரவில் வயல்களைத் தோண்டினர். குல்தாபாதில் உள்ள கல்லறையை அகற்றக் கோரி மார்ச் 17 அன்று நாக்பூரில் விசுவ இந்து பரிஷத்தும் பஜ்ரங் தளமும் போராட்டம் நடத்தின. அன்றிரவு நகரம் எரிந்தது. ஓர் உயிர் பறிபோனது. ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட ஒருவரின் வீட்டைப் புல்டோசர் இடித்தது. மக்களின் கோபத்தை ‘சாவா’ தட்டியெழுப்பியது என்று சட்டமன்றத்திலேயே முதலமைச்சர் ஃபட்னவிஸ் கூறினார். ஆட்சியாளரின் வாக்குமூலத்திற்கு மேல் நாம் சான்று தேட வேண்டியதில்லை.

சம்பாஜியின் உடலுக்கு இறுதிச் சடங்கு செய்தவர் வது புத்ருக் கிராமத்தின் கோவிந்த் மகர் என்பது அங்குள்ள தலித் மக்களின் மரபு. அதைச் சொல்லும் அறிவிப்புப் பலகையைச் சுற்றி 2017 டிசம்பர் இறுதியில் எழுந்த தகராறுதான் பீமா கோரேகாவ் வன்முறைக்கு முன்னோடி. இந்த நினைவைச் ‘சாவா’வின் எந்தச் சுவரொட்டியும் சுமக்கவில்லை. எந்த ரத்தத்தை நினைக்க வேண்டும், எந்தக் கையை மறக்க வேண்டும் என்பதையும் இப்படங்களே முடிவு செய்கின்றன.

எனவே ‘பானிபட்’ தோற்றது நமது வெற்றியன்று. எதிரியின் துப்பாக்கியில் அன்று மருந்து நனைந்திருந்தது, அவ்வளவே.

தாராவிக்கு இதில் என்ன?

மராத்திய மன்னர்களின் கதை தமிழருக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்களுக்கு, தாராவியின் காலா கில்லாவைக் காட்டுவோம். குடிசைகளுக்கு நடுவே கறுத்து நிற்கும் அந்தச் சிறு கோட்டையின் கல்வெட்டில் 1737 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. சிமாஜி அப்பாவின் தலைமையில் மராத்தியர் எதிர்க்கரையிலுள்ள சால்செட் தீவைப் போர்த்துகீசியரிடமிருந்து பறித்த ஆண்டு அது. இந்தக் கரையில் ஆங்கிலேயர் காவல் வைத்தனர். அந்தச் சிமாஜி அப்பாவின் மகன்தான் பானிபட்டில் மாண்ட சதாசிவராவ் பாவ்.

1992 டிசம்பர் 6 அன்று மசூதி இடிப்பைக் கொண்டாடச் சிவசேனையினர் தாராவியில் நடத்திய சைக்கிள் ஊர்வலம் பல பகுதிகளைச் சுற்றிவந்து முடிந்த இடம் இதே காலா கில்லா. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் அறிக்கையில் இது பதிவாகியிருக்கிறது. அடுத்த வாரங்களில் மும்பையில் கொல்லப்பட்டோர் ஏறத்தாழ 900 பேர். அவர்களுள் 575 பேர் இசுலாமியர், 275 பேர் இந்துக்கள். வரலாறு என்ற பெயரில் சொல்லப்படும் கதை எங்கே போய் முடியும் என்பதைத் தாராவி சினிமா பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை.

மும்பைத் தமிழரின் அனுபவம் இன்னொன்றையும் சொல்கிறது. 1966இல் தொடங்கப்பட்ட சிவசேனை முதலில் கைநீட்டிக் காட்டிய ‘அந்நியன்’ தென்னிந்தியன்தான். மாட்டுங்காவின் உணவகங்களும் அலுவலக எழுத்தர்களும் அன்று இலக்கு. அதே அரசியல் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாயை 1970இல் பலிகொண்டது. அந்நியன் பட்டம் பின்னர் இசுலாமியருக்கு மாற்றப்பட்டது, வடநாட்டுத் தொழிலாளிக்கும் வழங்கப்பட்டது. இன்று மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நடுத்தர வர்க்கத் தமிழரில் ஒரு பகுதியினர் இந்தப் படங்களுக்குக் குடும்பத்தோடு சென்று முழக்கமிடுகின்றனர். பட்டம் தம்மிடமிருந்து நிரந்தரமாக அகன்றுவிட்டது என்று அவர்கள் நம்புகின்றனர்.

தாராவியில் இப்போது யார் அந்நியர்? மறுசீரமைப்புத் திட்டத்தை அதானி குழுமம் கைப்பற்றிய பிறகு, 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்ததற்கு ஆவணம் காட்ட முடியாதவர் ‘தகுதியற்றவர்’. அவருக்குத் தாராவியில் இடமில்லை. தேவ்னார் குப்பைமேட்டு நிலம்வரை காட்டப்படுகிறது. திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்தவரின் பேரனும், பீகாரிலிருந்து தையலுக்கு வந்தவனும், குயவர்வாடாவின் குஜராத்திக் குயவரும் ஒரே வரிசையில் தாள்களோடு நிற்கின்றனர். ஒன்றாக நிற்க வேண்டிய இவர்களை 1707இன் கல்லறையைச் சுற்றிப் பிரித்து நிறுத்துவதால் யாருக்கு ஆதாயம் என்பதை விளக்க வேண்டியது நம் கடமை.

இதில் நம் வீட்டையும் பெருக்க வேண்டும். சோழர் படங்களைக் கண்டு பூரிக்கும்போது ‘நம்மவர்’ படையெடுப்பு மட்டும் பண்பாட்டுப் பயணமாகிவிடுகிறது. கப்பம் கட்டிய குடியானவனையும் கோயில் கட்டிய கையையும் அப்போது நாம் கேட்பதில்லை. 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்திற்குப் பிரதமர் வந்தது வெறும் சுற்றுலாவன்று. மராத்தியத்தில் சிவாஜி, தமிழகத்தில் ராஜேந்திரன் என்று ஊருக்கொரு வாள் தயாராகிறது.

நாம் செய்ய வேண்டியது

இப்படங்களைத் தடைசெய்யக் கோருவது நம் வழியன்று. தடையும் தணிக்கையும் யார் கையில் இருக்கின்றன என்பதை அறிவோம். ஆனந்த் பட்வர்தனின் ஆவணப்படத்தைத் திரையிடும் மாணவர்களைத் தாக்குபவர்கள் யார் என்பதும் தெரியும். நமக்குத் தேவை மாற்று எழுத்து, மாற்று முகங்கள்.

அதற்கான மரபு இந்த நகரிலேயே உண்டு. 1943இல் மும்பையில் பிறந்த இந்திய மக்கள் நாடக மன்றம், வங்கப் பஞ்சத்தைப் பற்றிய ‘தர்த்தி கே லால்’ படத்தை 1946இல் எடுத்தது. இயக்கிய கே.ஏ. அப்பாஸ்தான் செம்பூர் ஆர்.கே. ஸ்டூடியோவின் ‘ஆவாரா’, ‘ஸ்ரீ 420’ படங்களுக்கும் எழுதியவர். அந்த ஸ்டூடியோ ‘பானிபட்’ வெளியான அதே 2019இல் வீட்டுமனை நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. காட்கோபர் சிராக் நகரில் வாழ்ந்த தலித் கம்யூனிஸ்ட் கலைஞர் அண்ணா பாவ் சாட்டே, மன்னர்களின் போரைப் பாடும் மராத்தி ‘போவாடா’ வடிவத்தை எடுத்து ஸ்டாலின்கிராடின் தொழிலாளி வீரர்களைப் பாடினார். போர்க்கதை நிலப்பிரபுவின் தனிச்சொத்து அல்ல என்பதை அவர் மேடையில் நிறுவினார். ரமாபாய் நகரில் 1997 ஜூலை 11 அன்று பத்து தலித் மக்கள் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து தொடங்கும் பட்வர்தனின் ‘ஜெய் பீம் காம்ரேட்’ படத்தில் நட்சத்திரம் இல்லை. அந்த மக்களின் முகங்களே இருக்கின்றன. அங்கே எவரும் வேடத்திற்குப் பொருந்தாமற் போகவில்லை.

எழுத்திலும் நமக்கு ஆசான் இருக்கிறார். தோழர் கோவிந்த் பன்சாரே ‘சிவாஜி யார்?’ என்ற சிறுநூலில், வயலின் விளைச்சலைத் தொடக்கூடாது என்று படைக்கு ஆணையிட்ட சிவாஜியை, பீரங்கிக்கு இப்ராகிம் கானையும் கடற்படைக்குத் தௌலத் கானையும் நம்பிய சிவாஜியை மராத்திய உழவருக்கு நினைவூட்டினார். மக்கள் நேசிக்கும் பெயரை எதிரியிடம் விட்டுவிடாமல் மக்களோடு பேசிய நூல் அது. 2015 பிப்ரவரியில் கோலாப்பூரில் அவர் சுடப்பட்டார். அந்தச் சிறுநூலின் வலிமையை அவரைக் கொன்றவர்கள் நம்மைவிட நன்றாக மதிப்பிட்டிருந்தனர்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் கிளைகள் வரும் மாதங்களில் மூன்று காரியங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். பன்சாரே நூலைத் தமிழில் கூட்டாக வாசிப்பது ஒன்று. மராத்தி, உருதுத் தோழர்களோடு சேர்ந்து 1761இன் வரலாற்றைப் பற்றி மும்மொழிக் கூட்டம் நடத்துவது இரண்டு. ஸ்ரீகிருஷ்ணா அறிக்கையின் தாராவிப் பகுதியை இளைஞர் அமைப்புகளில் படித்துக் காட்டுவது மூன்று. 1992இல் பிறந்திராத தலைமுறைக்கு அவ்வறிக்கையைப் பற்றிச் சொல்ல இன்று வேறு யாரும் இல்லை. அடுத்த போர்ப்படம் எங்கோ எடுக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதில் நடிகர் தேர்வும் பிழைக்காது, எழுத்தும் பிழைக்காது என்ற கணிப்போடுதான் நாம் வேலையைத் தொடங்க வேண்டும்.